இரண்டு ஹாரனும் ஒரு கையும்

எங்கள் ஊரில் இவருக்குக் காத்தாடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது, அதோடு சரி. ஓரிடத்தில் நிற்க மாட்டார், உட்கார மாட்டார், உட்கார வைத்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்துபோய்க் குழாயை மூடிவிட்டு வருவார். குழாய் மூடித்தான் இருக்கும். எங்கள் கல்யாணப் போட்டோவில் நான் மட்டும் தெளிவாக இருக்கிறேன். பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டை, அதற்கு மேல் கலங்கிப்போன ஒரு முகம். "இது யாருடி, மேகமா?" என்று என் சிநேகிதி ஒருத்தி கேட்டாள். ஆமாம், அந்த மேகத்தோடுதான் இத்தனை வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

இப்படிப்பட்ட மனிதரைக் கொஞ்சமாவது கட்டிப்போட்டது பயணிகள் லாஞ்சின் ஸ்டியரிங். எங்கள் ஊர்த் துறையிலிருந்து ஆற்றோடு கீழே இருக்கும் பட்டணத்துக்கு லாஞ்ச் ஓட்டுவது இவர் வேலை. துறையில் டிக்கெட் கிழிப்பது என் வேலை. ஆஸ்பத்திரி, காலேஜ், ஊர் ஆம்பளைகளில் பாதிப்பேர் வேலை பார்க்கும் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை எல்லாம் பட்டணத்தில்தான். எங்களுக்குப் பின்னால் மலை செங்குத்தாக நிற்கிறது, ரோடு கிடையாது. லாஞ்ச் நின்றால் ஊர் நின்றது.

ஆறுதான் எல்லை. அந்தக் கரை வேறு நாடு. பேச்சு ஒன்று, கொடி வேறு. ஆற்றின் நடுவில் நீளமாக ஒரு மணல் திட்டு படுத்திருக்கிறது. திட்டுக்கு எங்கள் பக்கம் தண்ணீர் முழங்கால் அளவுதான், வாத்து நடந்தே போகும். அந்தப் பக்கம்தான் லாஞ்ச் போகிற அளவுக்கு ஆழம். நாங்கள் அந்த வழியை ஆழம் என்றே சொல்வோம். அது முழுக்க முழுக்க அவர்கள் நாட்டுத் தண்ணீர். அதாவது எங்கள் ஊரிலிருந்து எங்கள் பட்டணத்துக்குப் போக, நடுவில் கொஞ்ச நேரம் நாங்கள் எல்லோரும் வெளிநாட்டில் இருப்போம், காய்கறிக் கூடையோடும் டிபன் டப்பாவோடும். இவருக்கு முன்னால் ஓட்டியவர்களும், அவர்களுக்கு முன்னால் துடுப்புப் போட்டவர்களும் அப்படித்தான் போனார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்டதில்லை.

கேட்டதில்லை என்று சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஏனென்றால் கேட்கிற மாதிரி ஒரு காரியத்தைத் தொடங்கி வைத்தவர் இவர்.

ஆழத்தின் வாயில் அவர்களுடைய காவல் சாவடி ஒன்று உண்டு. பகல் காவலுக்கு அங்கே ஒருவர்தான் வெகுகாலம் இருந்தார். தலைக்குப் பெரிதான தொப்பி, காதுவரை இறங்கிக் கிடக்கும். தொப்பிக்காரர் என்று நாங்கள் பெயர் வைத்தோம். இவர் லாஞ்சைக் கையில் எடுத்த புதிதில், சாவடியைத் தாண்டும்போது ஹாரன் கயிற்றை இரண்டு இழு இழுத்தார். ஏன் என்று கேட்டால் என்ன பதில் வரும்? கை சும்மா இருக்காது, அவ்வளவுதான். தொப்பிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு கையைத் தூக்கினார். மறுநாளும் இரண்டு ஹாரன், மறுநாளும் ஒரு கை. அதற்கப்புறம் ஆழத்துக்குள் நுழையும்போதெல்லாம் இதே கதைதான். லாஞ்சில் தூங்குகிறவர்கள் அந்தச் சத்தத்துக்கு விழித்து, "ஆழம் வந்துடுச்சா" என்று மறுபடி தூங்குவார்கள்.

பிறகு அந்தக் கரையில் ஆட்சி மாறியது. ஆழத்தின் வாயில் குறுக்கே ஒரு சங்கிலி கட்டப்போவதாகவும், ஒவ்வொரு தடவையும் எழுத்தில் அனுமதி வாங்கினால்தான் திறப்போம் என்றும் சொன்னார்கள். எங்கள் அரசாங்கம் குதித்தது, அவர்கள் அரசாங்கம் குதித்தது. கடைசியில் இரண்டும் சேர்ந்து மூன்று நடுவர்களிடம் விஷயத்தை விட்டன. தீர்ப்பு வரும்வரை லாஞ்ச் பழையபடி ஓடலாம் என்று ஏற்பாடு.

தலைநகரிலிருந்து எங்கள் தரப்பு வக்கீலம்மா வந்தார். வயதில் சின்னவர். கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு அதையே பையில் தேடுவார். எங்கள் சமையலறை மேசையில் ஆற்றின் வரைபடத்தை விரித்தார். நான் ஒரு ஓரத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். இவர் அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்தபடி கேள்வி கேட்டார்.

"நாட்டுக்கும் நாட்டுக்கும் தகராறுன்னா சட்டம் எங்கேர்ந்தும்மா வரும்? அவங்களுக்கு மேல யாரு இருக்கா?"

"மேல யாருமே இல்ல சார். பெரிய நாடு, சின்ன நாடு எல்லாம் அங்க ஒரே உயரம். ஒத்துக்காத நாட்டைக் கோர்ட்டுக்கு இழுக்கவும் முடியாது. இந்த மூணு பேர் சொல்றதுக்குக் கட்டுப்படறோம்னு ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டதாலதான் வழக்கே நடக்குது."

"அப்ப சட்டம்?"

"அவங்களே எழுதி ஒத்துக்கிட்ட உடன்படிக்கை ஒரு சட்டம். எழுதினா எழுதினதுதான். ஆட்சி மாறிடுச்சுன்னு வார்த்தை மாற முடியாது." வரைபடத்தை விரலால் தட்டினார். "ஆனா உங்க ஆத்தைப் பத்தின பழைய உடன்படிக்கையில கோடு எங்க போகுதுன்னுதான் இருக்கு. ஆழத்துல யாரு போகலாம்னு ஒரு வரி கிடையாது."

"எழுதினவன் தண்ணியில இறங்காமலே எழுதியிருக்கான்" என்றேன் நான்.

அவர் சிரித்தார். "அதனாலதான் அக்கா வழக்கத்துக்குப் போறோம். எழுதாததும் சட்டமாகும். ரொம்ப காலமா ஒரே மாதிரி நடந்திருக்கணும். அது மட்டும் போதாது, இது எங்க உரிமைன்னு நெனச்சு நடந்திருக்கணும். எதிர்ப்பக்கமும் அதை ஏத்துக்கிட்டுப் பேசாம இருந்திருக்கணும். மரியாதைக்குச் செஞ்சது, தயவுல நடந்தது, இதெல்லாம் எத்தனை வருஷம் நடந்தாலும் சட்டமாகாது."

இது எனக்கு உடனே விளங்கிவிட்டது. கல்யாணமான புதிதில் இவர் தினமும் எனக்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துக் கொடுத்தார். நான் அதை உரிமை என்று நினைத்துக்கொண்டேன். இவர் மரியாதைக்குச் செய்திருக்கிறார். கிணற்றுக் கயிறு அறுந்து, இறைப்பதும் அதோடு நின்ற அன்று அது தெரிந்தது.

"அதுவும் போதலைன்னா, எல்லா நாட்டுச் சட்டத்திலயும் பொதுவா இருக்கிற நியாயங்கள் இருக்கு" என்று வக்கீலம்மா தொடர்ந்தார். "நல்லெண்ணத்தோட நடக்கணும். இத்தனை காலம் சரின்னு இருந்துட்டு திடீர்னு இல்லைன்னு சொல்லி நம்பினவங்க தலையில கல்லைப் போடக் கூடாது. வேற ஆறுகள்ல வந்த பழைய தீர்ப்பு, பெரிய அறிஞர்கள் எழுதின புத்தகம், இதெல்லாம் துணைக்கு வரும். நம்ம பக்கம் பலமாத்தான் இருக்கு சார். ஒண்ணே ஒண்ணு தவிர."

"என்னது?"

"உங்க ஹாரன்."

இவர் நடையை நிறுத்தாமலே திரும்பிப் பார்த்தார்.

"நீங்க ஹாரன் அடிச்சு அனுமதி கேட்டீங்க, காவலர் கையைத் தூக்கி அனுமதி குடுத்தாருன்னு அவங்க சொல்றாங்க. கேட்டு வாங்கினா அது உரிமை இல்ல, தயவு. தயவை எப்ப வேணாலும் நிறுத்தலாம். பாதுகாப்புக்கு அடிச்சீங்களா? வளைவு, எதிர்ல படகு, அந்த மாதிரி?"

"அங்க வளைவே இல்லம்மா. நேர் தண்ணி."

"சரி. காவலர் கை தூக்காத நாள் ஏதாவது உண்டா?"

"ஒரு நாள் தூக்கலை."

"அன்னைக்கு நீங்கபாட்டுக்குப் போயிட்டீங்க, இல்லையா?" வக்கீலம்மாவின் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது.

"இல்லம்மா. லாஞ்சை நிறுத்திட்டேன்."

வக்கீலம்மா முகத்தில் ஈயாடவில்லை. "ஏன் சார்?"

"அது வேணாம்மா" என்று சொல்லிவிட்டு இவர் குழாயை மூடப் போய்விட்டார்.

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பட்டணத்துக்குப் போக நானும் லாஞ்சில் இருந்தேன். என் தம்பியும் இருந்தான், தொழிற்சாலைக்கு நேரமாகிறது என்று கத்திக்கொண்டிருந்தான். இவர் இரண்டு ஹாரன் அடித்தார். சாவடியில் கை எழும்பவில்லை. மறுபடி அடித்தார். பிறகு எஞ்சினை அணைத்து, கரையோரம் ஒதுக்கி, குதித்து ஓடினார். திரும்பி வந்து, எஞ்சின் சூடாகிவிட்டது, ஆற வைத்தேன் என்றார். எஞ்சினை ஆற வைக்க எதற்குக் கரையில் ஓட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. காத்தாடி ஓடினால் யார் காரணம் கேட்பார்கள்?

நடுவர்கள் ஆற்றை நேரில் பார்த்துவிட்டு எங்கள் ஊர் மண்டபத்திலேயே சாட்சிகளை விசாரிப்பார்கள் என்று தெரிந்ததும் ஊரே எங்கள் வீட்டு வாசலில் கூடியது. தம்பி ஒற்றைக்காலில் நின்றான்.

"மாமா, எஞ்சின் சூடுன்னு சொல்லிடுங்க. அன்னைக்கு எங்ககிட்ட சொன்னதுதான? புதுசா எதுவும் சொல்ல வேணாம்."

"பாக்கலாம்டா" என்றார் இவர், காதைத் தடவிக்கொண்டே. இவர் காதைத் தடவினால் சொல்வது பொய் என்று எங்கள் தெரு நாய்க்குக்கூடத் தெரியும்.

மறுநாள் காலை லாஞ்சின் எஞ்சின் அறைக்குள் போய் நான் இவரைப் பிடித்தேன். கந்தல் துணியால் எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தார், ஏற்கெனவே துடைத்த இடத்தையே.

"ஏங்க, அன்னைக்கு எஞ்சின்ல என்னதான் கோளாறு?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப எதுக்கு நிறுத்தினீங்க?"

துடைத்துக்கொண்டே சொன்னார். தொப்பிக்காரருடைய மனைவி இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்ததாம். கை எழும்பாததால் பயந்துபோய் ஓடிப் பார்த்தால், மனிதர் குடித்துவிட்டுச் சாவடித் தரையில் சுருண்டு கிடந்திருக்கிறார். தூரத்தில் மேலதிகாரியின் படகு வந்துகொண்டிருந்ததாம். இவர் முகத்தில் தண்ணீர் அடித்து, தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, தொப்பியைத் தலையில் மாட்டி, கையில் பைனாகுலரைக் கொடுத்துவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

"இதை மண்டபத்துல சொல்லுங்களேன்! அனுமதிக்கு நிக்கலை, ஆளுக்கு என்ன ஆச்சுன்னு பாக்க நின்னேன்னு சொன்னா வழக்கே முடிஞ்சுதே!"

"காவல்ல இருந்துக்கிட்டுக் குடிச்சாருன்னு அந்த மூணு பேர் முன்னாடி நான் சொன்னா, அவர் ஓய்வூதியத்துல கை வைப்பாங்க. இப்பத்தான் ஓய்வு வாங்கிட்டு உக்காந்திருக்கார்."

"அவர் உங்களுக்கு மாமனா, மச்சானா?"

"அந்த ஒரு நாள் தவிர நாங்க பேசினதுகூட இல்லம்மா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பேசாத ஒரு மனிதருக்காக ஊரையே தண்ணீரில் விடுவதா? "அப்ப எஞ்சின் சூடுன்னே சொல்லுங்க, தொலையட்டும்" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். எனக்கு என் ஊர் பெரிது.

"சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்ல எனக்கு வராதும்மா. நீதான பாத்திருக்க, காது" என்றார்.

அதற்குப் பிறகு எனக்கும் இவர் வியாதி தொற்றிக்கொண்டது. டிக்கெட்டைத் தப்பாகக் கிழித்தேன். மாவு பிசையும்போது எழுந்துபோய் வாசலைப் பார்த்தேன். எந்தத் தாய் கைக்குழந்தையோடு லாஞ்சில் ஏறினாலும், இந்தக் குழந்தை காலேஜுக்குப் போகும்போது லாஞ்ச் இருக்குமா என்று நினைப்பு ஓடியது.

நடுவர்கள் வந்தார்கள். மூவரும் தூர தேசத்துக்காரர்கள், காதில் மொழிபெயர்ப்புக் கருவி. நடுவில் இருந்த தலைவர் நெடுநெடுவென்று ஒரு அம்மாள். லாஞ்சில் ஏறி ஆழத்தைப் பார்த்தார்கள். "இன்னைக்கு மட்டும் ஹாரன் வேணாம் சார்" என்று வக்கீலம்மா இவர் காதில் சொன்னார். சாவடி நெருங்கியது. இவர் வலதுகையை இடதுகையால் பிடித்துக்கொண்டார். ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆளில்லை. வேறு வழியில்லாமல் விட்டார், கை நேராகக் கயிற்றுக்குப் போய் இரண்டு இழு இழுத்துவிட்டது. வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டார். சாவடியில் இருந்த புதுக் காவலர் எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. தகராறு தொடங்கிய பிறகு நடப்பது எதுவும் கணக்கில் வராது என்று வக்கீலம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மண்டபத்தில் ஊரே இருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் மெதுவாகப் பேசுகிறவர்.

"நீங்க ஒவ்வொரு தடவையும் ஹாரன் அடிச்சீங்க?"

"அடிச்சேன்."

"எங்க காவலர் கையைத் தூக்கினார்?"

"தூக்கினார்."

"ஒரு நாள் தூக்கலை. அன்னைக்கு நீங்க லாஞ்சை நிறுத்திட்டீங்க. சரிதானா?"

"சரிதான்."

"ஏன்னா, அனுமதி கிடைக்கலை."

அப்போது ஒன்று நடந்தது. இவர் கால் ஆட்டம் நின்றது. கை மடியில் அப்படியே கிடந்தது. கல்யாணமான நாளிலிருந்து இவரை நான் அசையாமல் பார்த்ததில்லை, தூக்கத்தில்கூட. எனக்கு உயிர் போய்விட்டது போல இருந்தது.

"பதில் சொல்லணும்" என்றார் தலைவர் அம்மாள்.

"அனுமதிக்காக நிக்கலைங்க. ஆனா எதுக்கு நின்னேன்னு சொல்ல மாட்டேன்."

"காரணம் சொல்லாட்டா, நாங்க அதை உங்க நாட்டுக்கு எதிரா எடுத்துக்க நேரிடும். புரியுதா?"

"புரியுதுங்க."

மண்டபம் முழுக்க ஒரு முனகல் எழுந்தது. என் தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனான். போகும்போது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை மறக்க எனக்கு வெகுநாள் ஆயிற்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கமா, கோபமா, எனக்கே தெரியவில்லை. அழுதேன், அது மட்டும் தெரியும்.

அடுத்து எதிர்த்தரப்புச் சாட்சி, தொப்பிக்காரர். ஒரு சாட்சி சொல்வதை இன்னொரு சாட்சி கேட்கக் கூடாது என்று அவரைக் கடைசி அறையில் கதவைச் சாத்தி உட்கார வைத்திருந்தார்கள். வந்தார். தொப்பி இல்லை. அந்தத் தலை வழுக்கை என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவர்களுடைய வக்கீல் நம்பிக்கையாகக் கேட்டார்.

"லாஞ்ச் ஓட்டுநர் ஹாரன் அடிச்சு அனுமதி கேப்பார், நீங்க கையைத் தூக்கிக் குடுப்பீங்க. நீங்க கை தூக்காத ஒரு நாள் அவர் போகாம நின்னுட்டார். அப்படித்தான?"

தொப்பிக்காரர் இவரைப் பார்த்தார். பிறகு தலைவர் அம்மாளைப் பார்த்தார். "அம்மா, அவர் ஏன் நின்னாருன்னு அவர் சொன்னாருங்களா?"

"அதை உங்ககிட்ட சொல்லக் கூடாது."

தொப்பிக்காரர் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். "சொல்லியிருக்க மாட்டார்" என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மனைவி போனது, குடித்தது, தரையில் கிடந்தது, முகத்தில் தண்ணீர் விழுந்தது, தொப்பி தலைக்கு வந்தது. ஒன்றையும் விடவில்லை. அவர்களுடைய வக்கீல் இரண்டு தடவை நிறுத்தப் பார்த்தார், தலைவர் அம்மாள் கையமர்த்தினார்.

"அனுமதி குடுக்க எனக்கு ஏதுங்க அதிகாரம்?" என்றார் தொப்பிக்காரர். "கடத்தல் படகைப் பாருன்னுதான் எனக்கு உத்தரவு. வேலைக்குச் சேந்த அன்னைக்கே எங்க மேலதிகாரி சொல்லிட்டார், லாஞ்ச் போறது அவங்க வழி, அதுல நாம மூக்கை நுழைக்கக் கூடாதுன்னு. அவருக்கு முந்தின அதிகாரியும் அப்படித்தான் சொல்லியிருக்கார்."

எங்கள் வக்கீலம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நெற்றிக்கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எதிர்ப்பக்கமே ஏற்றுக்கொண்டு இருந்தது என்பதற்கு அவர் தேடிக்கொண்டிருந்த வார்த்தை இதுதான் என்று பிறகு சொன்னார்.

"அப்ப எதுக்குக் கையைத் தூக்கினீங்க?" தலைவர் அம்மாளே கேட்டார்.

தொப்பிக்காரர் இதென்ன கேள்வி என்பதுபோல் முழித்தார். "ஹாரன் அடிச்சாருங்களே."

மண்டபம் சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டார், உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தீர்ப்புக்குக் காத்திருந்த காலத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை. வீட்டில் இரண்டு காத்தாடிகள் சுற்றின, அவ்வளவுதான். ஒரு மத்தியானம் வக்கீலம்மா போன் செய்தார். ஆழத்தில் பயணிகள் லாஞ்ச் போவது வழக்கத்தால் வந்த உரிமை, அனுமதி தேவையில்லை, சங்கிலி கட்டக் கூடாது. துறை முழுக்கக் கூச்சல். ஓடி வந்த தம்பி இவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். மண்டபத்தை விட்டுப் போனதைப் பற்றி அவனும் பேசவில்லை, இவரும் கேட்கவில்லை.

"இன்னொண்ணு சார்" என்றார் வக்கீலம்மா போனில். "தண்ணி அவங்களுது. அதனால பாதுகாப்புக்கு ஒழுங்கு விதிக்க அவங்களுக்கு உரிமை உண்டு. ஆழத்துக்குள்ள நுழையும்போது நீங்க ரெண்டு ஹாரன் அடிச்சே ஆகணும். காவலர் பச்சைக் கொடி காட்டுவார். அது அனுமதி இல்ல, வர்றோம்னு அறிவிப்பு."

"அடிக்கலேன்னா?"

"விதி மீறல் சார்."

இவர் முகம் சுருங்கிப் போயிற்று. இத்தனை வருஷம் கை தானாகப் போன கயிற்றை இனி சட்டத்துக்காக இழுக்க வேண்டும். "தொப்பிக்காரர் எப்படிம்மா இருக்கார்?" என்று கேட்டார்.

ஓய்வூதியத்தை நிறுத்தி வைத்துவிட்டார்களாம், விசாரணை நடக்கிறதாம்.

"அவராலதான நமக்கு வழி கிடைச்சுது! நம்ம அரசாங்கம் ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"முடியாது சார். அது அவங்க நாட்டு உள் விவகாரம். ஒரு நாட்டு உள் விவகாரத்துல இன்னொரு நாடு தலையிடக் கூடாது. அதுவும் அடிப்படைச் சட்டம்தான்."

"நல்ல சட்டம்" என்றார் இவர். போனை வைத்துவிட்டுத் துறைக் குழாயை மூடப் போனவர் அங்கேயே வெகுநேரம் நின்றார்.

தீர்ப்புக்குப் பிறகு நான் முதல்முறை லாஞ்சில் ஏறியபோது இவர் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். சாவடி வந்தது. இவர் இரண்டு ஹாரன் அடித்தார், ஆபீஸில் முத்திரை குத்துகிற மாதிரி. புதுக் காவலர் விறைப்பாகப் பச்சைக் கொடியைக் காட்டினார். முகத்தில் ஒன்றும் இல்லை, இருவர் முகத்திலும். எனக்கு மனசு கேட்கவில்லை. ஊருக்கு வழி கிடைத்தது, இந்த மனிதருக்கு ஒரு கை போய்விட்டது.

சாவடி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்தக் கரையில் ஒரு தகரக் கூரை வீடு. வாசலில் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். வழுக்கைத் தலை வெயிலில் மின்னியது. இவர் கயிற்றை எட்டி மூன்றாவதாக ஒரு இழு இழுத்தார்.

நாற்காலியில் இருந்தவர் ஒரு கையைத் தூக்கினார்.

"ஆரம்பிச்சாச்சா?" என்று நான் கத்தினேன். "ரெண்டுதாங்க விதி! இதுக்கும் ஒரு காலத்துல மூணு பேர் வந்து உக்காந்து, எதுக்கு அடிச்ச, எதுக்குத் தூக்கினன்னு கேப்பாங்க. அன்னைக்கு யாரு பதில் சொல்றது?"

"கேக்கட்டும்மா" என்றார் இவர். கால் ஆடிக்கொண்டிருந்தது.

அடுத்த தடவை நான் பட்டணத்துக்குப் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. தகரக் கூரை வீட்டு வாசலில், தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். காற்று பலமாக அடித்ததால் இவருக்கு இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே வேண்டியிருந்தது. வீடு கடந்து போகப் பார்த்தது. கயிறு என் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது.

நான் இழுத்தேன்.